ஊருக்கு வராத நீதிமன்றம்: ஹங்கேரி நாட்குறிப்பு

முதல் நாள், 2024 அக்டோபர் 14, திங்கள்

விமான நிலையத்திலிருந்து வந்த பஸ் புடாபெஸ்டில் என்னை இறக்கிவிட்ட இடத்தின் பெயர் தெயாக் ஃபெரென்ட்ஸ் சதுக்கம். பணம் மாற்றி எண்ணிப் பார்த்தால், இருப்பதிலேயே பெரிய நோட்டான 20,000 ஃபோரிண்டிலும் அதே தெயாக் தாடை சதைத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு யூரோ இங்கே 400 ஃபோரிண்ட் அளவில் போகிறது. நம் கணக்கில் அந்த நோட்டு நாலரை ஆயிரம் ரூபாய்தான்.

தெயாக் ஒரு வழக்கறிஞர். 1848 புரட்சி அரசில் நீதி அமைச்சராக இருந்தவர். 1,000 ஃபோரிண்ட் நோட்டில் மாத்யாஷ் மன்னர். பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். மாறுவேடத்தில் ஊருக்குள் போய் ஏழைகளின் வழக்கைத் தீர்த்துவைத்ததாக அவரைப் பற்றி நூறு கதைகள். நமக்கு மனுநீதிச் சோழன் போல இவர்களுக்கு அவர். 1490இல் அவர் இறந்த பிறகு பேச்சுவழக்கில் நின்றுவிட்ட ஒரு சொலவடை உண்டு: "மாத்யாஷ் மன்னர் செத்தார், நீதியும் போயிற்று." ஐந்நூறு வருடமாக மனிதர்கள் பெருமூச்சோடு சொல்லிக்கொண்டிருக்கும் வாசகம். பணத்தில் நீதிமான்களை அச்சடித்து வைத்திருக்கும் ஊர் என்பதே எனக்குப் பிடித்துவிட்டது.

வரி, வட்டி, தணிக்கை என்று முப்பது வருடம் தலை நரைத்தவன் நான். சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் இந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அரசின் வரவு செலவுக் கணக்குக்குள் கை நுழைத்ததையும், பிறகு அந்தக் கையை அரசு தட்டிவிட்டதையும் எப்போதோ வாசித்தது மனத்தில் தங்கிவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு ஊர் சுற்ற இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. இன்று இவ்வளவுதான், கண் சொக்குகிறது.

இரண்டாம் நாள், செவ்வாய்

காலையில் ஃபோவாம் சதுக்கத்துப் பெரிய அங்காடி. பாப்ரிகா மிளகாய்ச் சரங்கள், வாத்து ஈரல், ஊறுகாய் ஜாடிகள். மாடியில் லாங்கோஷ் தின்றேன். நம் பட்டூராவை இரண்டு மடங்கு அகலப்படுத்தி, மேலே புளித்த பாலேட்டையும் துருவிய பாலாடைக்கட்டியையும் கொட்டினால் லாங்கோஷ். சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. வயிறு நிறைந்தது, மனம் நிறையவில்லை.

நல்ல காரியம் சாயங்காலம் நடந்தது. நான் தங்கியிருக்கும் அறை யோஷெஃப்வாரோஷ் பகுதியில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவரின் வீட்டில். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய், கட்டம்போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்கள் கணக்குக்காரர். இதைப் பாருங்கள்."

1995ஆம் வருடக் குடும்பக் கணக்கு. முதல் பக்கத்தில் மூன்று வருடத்துக்கான வரவு, மாதம் மாதமாக: கணவரின் சம்பளம், குழந்தை பிறந்ததும் தனக்குக் கிடைக்க வேண்டிய பராமரிப்பு உதவித்தொகை, குடும்பப்படி. நீல மை. அடுத்த பக்கத்தில் அதே பட்டியல், பாதி வரிகளின் மேல் பென்சிலால் கோடு. மூன்றாவது பக்கத்தில் மறுபடி நீல மை, கோடில்லாமல்.

"கோடு போட்டது மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அப்போது வயிற்றில் மூன்று மாதம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹங்கேரியில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நிதி அமைச்சர் போக்ரோஷ் லாயோஷ் சிக்கனத் திட்டத்தை அறிவித்த நாள். (இங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நம் இனிஷியல் மாதிரி.) ஃபோரிண்டின் மதிப்பை 9 விழுக்காடு குறைத்தார்கள். பிறகும் மாதந்தோறும் சிறிது சிறிதாக இறக்க ஏற்பாடு. இறக்குமதிக்கு 8 விழுக்காடு கூடுதல் வரி. பல்கலைக்கழகத்தில் கட்டணம். குழந்தைகளுக்கும் தாய்மாருக்குமான உதவிகளில் வெட்டு. இதையெல்லாம் செய்தது வலதுசாரி அரசு அல்ல. பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் வாரிசான சோசலிஸ்ட்டுகளின் அரசு, பிரதமர் ஹோர்ன் ஜ்யூலா.

அமைச்சர் பக்கமும் நியாயம் இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் காதார் யானோஷ் காலத்தில் மக்கள் வயிற்றை நிரப்பி வாயை அடைத்தார்கள். கூலாஷ் கம்யூனிசம் என்று உலகம் கேலியாகச் சொன்னது. (கூலாஷ் இவர்களின் இறைச்சிக் குழம்பு.) அந்தக் கூலாஷில் பாதி மேற்கத்திய வங்கிகளிடம் வாங்கிய கடனில் கொதித்தது. ஆட்சி மாறியபோது வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். 1994இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த டிசம்பரில்தான் மெக்சிகோவின் நாணயம் சரிந்தது. அடுத்தது நாம்தான் என்று புடாபெஸ்டில் வியர்த்தார்கள்.

வெட்டு வெட்டியதில் குற்றமில்லை, வெட்டிய வேகம்தான் வம்பாகிவிட்டது. சட்டம் அரசிதழில் வந்தது ஜூன் 15. அமலுக்கு வரவேண்டியது ஜூலை 1.

"பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். வயிற்றில் இருப்பது பதினைந்து நாளில் மனம் மாறித் திரும்பிப் போய்விடுமா?" என்று கேட்டார் அம்மாள்.

அரசியலமைப்பு நீதிமன்றமும் ஏறத்தாழ அதையேதான் கேட்டது, சட்ட மொழியில். ஜூன் 30, அமலுக்கு ஒரே ஒரு நாள் முன்பு, அந்த ஏற்பாடுகளில் முக்கியமானவற்றை ரத்து செய்தது. உதவித்தொகையை மாற்றவே கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. மாற்றலாம், ஆனால் அரசு தந்த சொல்லை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டவர்களின் காலடி நிலத்தை ஓர் இரவில் உருவக்கூடாது, பிறந்துவிட்ட குழந்தைக்கும் கருவில் இருக்கும் குழந்தைக்கும் பழைய கணக்கே செல்லும் என்றார்கள். நோட்டின் மூன்றாவது பக்கம் நீல மைக்குத் திரும்பியது அப்படித்தான்.

போக்ரோஷ் 1996 பிப்ரவரியில் பதவி விலகினார். அந்த ஒரு வருடத்தில் விலைவாசி 28 விழுக்காடு ஏறியது, கூலியின் உண்மை மதிப்பு 12 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. நாடு திவாலாகாமல் தப்பியது அந்தத் திட்டத்தால்தான் என்று பொருளாதாரக்காரர்கள் பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். வாய் சும்மா இருக்கவில்லை, இதை அம்மாளிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் நோட்டை மூடினார். இரண்டாவது கோப்பைக் காப்பி வரவில்லை.

மூன்றாம் நாள், புதன்

பத்யானி சதுக்கத்தில் மெட்ரோவை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் டோனாட்டி தெரு. அங்கேதான் அரசியலமைப்பு நீதிமன்றம். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் தலைக்கு மேலே கோட்டையில் படம் எடுத்துக்கொண்டிருக்க, இந்தத் தெருவில் நானும் நாயை நடத்திக்கொண்டு போன ஒருவரும்தான். நாய் என்னை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

வாசல் பலகையில் நீளமாக ஒரு சொல்: அல்கோட்மாய்ன்பீரோஷாக். பயப்படத் தேவையில்லை. நம் மொழி போலவே ஒட்டு மேல் ஒட்டு. 'அல்கோட்மாய்ன்' என்றால் அரசியலமைப்பு. 'பீரோ' என்றால் நீதிபதி. 'ஷாக்' நம் 'மை' விகுதி போன்றது. நீதிபதித்தன்மை என்பதுதான் இவர்களுக்கு நீதிமன்றம். கட்டடத்தைக் குறிக்க ஆளின் குணத்தைச் சொல்கிறார்கள். நல்ல சொல்.

1990 ஜனவரி 1 அன்று வேலையைத் தொடங்கிய மன்றம் இது. முதல் தலைவர் ஷோயோம் லாஸ்லோ. அந்த வருடம் அக்டோபரிலேயே மரண தண்டனையை ஒழித்தார்கள். நாடாளுமன்றம் அல்ல, இந்த நீதிமன்றம். அன்றைய விதிப்படி நாட்டில் யார் வேண்டுமானாலும், தனக்கு நேரடி பாதிப்பு இல்லாவிட்டாலும், ஒரு சட்டம் செல்லாது என்று இங்கே மனுப் போடலாம். தாள் ஒன்று போதும். அம்மாளும் 1995இல் கடிதம் எழுத உட்கார்ந்தாராம். மசக்கையில் பாதியில் எழுந்துவிட்டாராம்.

இனி நான் இங்கே வந்ததற்கான கதை.

2010 ஏப்ரலில் ஓர்பான் விக்டோரின் ஃபிடெஸ் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தது. அரசு வேலையை விட்டுப் போகும்போது பெரிய தொகை வாங்கிக்கொண்டு போனவர்கள் மீது மக்களுக்குக் கடும் எரிச்சல். அதைப் புரிந்துகொண்ட புதிய அரசு, 20 லட்சம் ஃபோரிண்டுக்கு மேற்பட்ட விடைபெறு தொகைக்கு 98 விழுக்காடு வரி போட்டது. 98! அதுவும் அந்த வருடம் ஜனவரி 1இலிருந்து, முன்தேதியிட்டு. முன்கூட்டியே அரசியலமைப்பையும் திருத்தி, 'நல்லொழுக்கத்துக்கு முரணான' வருமானத்துக்கு அப்படி வரி போடலாம் என்று எழுதிக்கொண்டார்கள். வரிச் சட்டத்தில் ஒழுக்கம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு முதுகு சில்லிடும். ஆண்டவனின் கணக்குப் பேரேட்டை வருமான வரி அலுவலகத்தில் வைத்த மாதிரி.

அந்த வலையில் கொழுத்த மீன்கள் மட்டும் சிக்கவில்லை. முப்பது வருடம் அமைச்சக வேலை பார்த்த ஓர் ஊழியரின் வழக்கு பிறகு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிற்று. மொத்தத் தொகையில் 52 விழுக்காடு வரியாகப் போயிருந்தது. 2013இல் அவர் வென்றார்.

டோனாட்டி தெரு நீதிபதிகள் அந்த வரியை 2010 அக்டோபர் 26 அன்று ரத்து செய்தார்கள். அதே நாளில் ஆளுங்கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் லாஸார் யானோஷ் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்: வரவு செலவு, வரி பற்றிய சட்டங்களை இந்த நீதிமன்றம் இனி விசாரிக்கக்கூடாது. நவம்பர் 16 அன்று நிறைவேறியது. உயிருக்கும் மனித மாண்புக்கும் ஆன உரிமை, தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு, மனச்சாட்சி, மதம், குடியுரிமை, இவை மீறப்பட்டால் மட்டும் பார்க்கலாம். சொத்துரிமை அந்தப் பட்டியலில் இல்லை. வரியைப் பற்றிய வழக்கில் சொத்துரிமையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? இலை போட்டாயிற்று, சோறுதான் இல்லை.

வரியையும் அப்படியே விடவில்லை. ஐந்து வருடம் பின்னோக்கிப் பாயும்படி மறுபடி கொண்டுவந்தார்கள். மனித மாண்பு என்ற ஒற்றை நூலைப் பிடித்து அந்த ஐந்து வருடத்தை நீதிமன்றம் 2011 மே மாதம் அறுத்தது. அதிகாரக் குறைப்பையே எதிர்த்து வந்த மனுக்களில் மட்டும், அரசியலமைப்புத் திருத்தத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கள் சோதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் அடிப்படை அமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்ற 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் தொண்டையில் முள்.

தெருவோரம் நின்று தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நவம்பர் 16, அதிகாரம் போனது. நவம்பர் 24, பொருளாதார அமைச்சர் மடோல்ச்சி ஜ்யோர்ஜ் தனியார் ஓய்வூதிய நிதிகளைப் பற்றி அறிவித்தது. முப்பது லட்சம் பேர் அவற்றில் பணம் சேர்த்திருந்தார்கள். அரசுத் திட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாதவர்களுக்கு மேற்கொண்டு அரசு ஓய்வூதியம் சேராது. முடிவு செய்ய ஜனவரி கடைசி வரை நேரம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான் மறுத்து நின்றார்கள். சுமார் 3 லட்சம் கோடி ஃபோரிண்ட் அரசின் கைக்கு வந்தது. எட்டு நாள் இடைவெளி. தணிக்கையில் இப்படி இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவோம்.

2012இல் வந்த புதிய அரசியலமைப்பில் இந்தத் தடையை நேர்த்தியாக மடித்து வைத்தார்கள். அரசின் கடன் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் இருக்கும்வரை தடை நீடிக்குமாம். கடன் இப்போதும் 70 விழுக்காட்டுக்கு மேல். ஆக, அரசு எவ்வளவு கடன் வாங்குகிறதோ அவ்வளவுக்கு நீதிமன்றம் எட்டிப் பார்க்காது. கடன் ஒருநாள் குறைந்தாலோ? அதற்கும் 2013இல் வழி செய்துவிட்டார்கள்: தடைக் காலத்தில் போட்ட சட்டங்களுக்குப் பிறகும் தடை தொடரும். இந்தப் பிரிவை எழுதியவர் யாரோ, எங்கள் தொழிலில் இருந்திருந்தால் கொடிகட்டிப் பறந்திருப்பார்.

நான்காம் நாள், வியாழன்

மழை. கோஷூத் சதுக்கத்தில் குடையும் நானும். ஒரு பக்கம் கூம்பும் கோபுரமுமாக நாடாளுமன்றம். அதற்கு நேர் எதிரே பழைய நீதி மாளிகை, ஹௌஸ்மான் அலாயோஷ் 1890களில் கட்டியது. உச்சியில் மூன்று குதிரை பூட்டிய தேர். உச்ச நீதிமன்றம் இருந்த மாளிகை பிற்பாடு பல வருடம் அருங்காட்சியகமாக இருந்தது.

இவர்களுக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வேறு, உச்ச நீதிமன்றம் வேறு. உச்ச நீதிமன்றத்தின் பெயரை 2012இல் பழையபடி 'கூரியா' என்று மாற்றினார்கள். பெயர் மாறியதும் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அவர் பாகா ஆண்ட்ராஷ். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து ஒரேயடியாக 62 ஆக்கும் திட்டத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர். இன்னும் மூன்றரை வருடம் பாக்கி இருந்தது. மறுபடி போட்டியிடலாமா என்றால், புதிய விதிப்படி ஹங்கேரியில் ஐந்து வருடம் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். பாகா பதினேழு வருடம் நீதிபதி, ஆனால் ஸ்ட்ராஸ்பர்கில். அது கணக்கில் சேராது. அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 2016இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. 62 வயது விதியையும் உள்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2012லேயே அடித்துப்போட்டன. ஆனால் அதற்குள் பல நாற்காலிகளில் வேறு ஆள்கள் உட்கார்ந்தாயிற்று. யாரையும் சிறையில் போடவில்லை. பிறந்த தேதியும் சர்வீஸ் கணக்கும் போதுமாயிருந்தது.

இதே ஊரில் 1989 ஜூலை 6 அன்று, தூக்கிலிடப்பட்ட பிரதமர் நாஜ் இம்ரே குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு கைமாறியது: காதார் இறந்துவிட்டார். நாஜைத் தூக்குக்கு அனுப்பிய ஆட்சியின் தலைவர். மழையில் நின்று அந்தச் சீட்டை நினைத்துக்கொண்டிருந்ததில் காலுறை நனைந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாளின் தம்பி வந்திருந்தார். இருவருக்கும் அரசியலில் ஆகாது. அவர் வீட்டுக் கடனைச் சுவிஸ் ஃபிராங்கில் வாங்கியவர்; இங்கே லட்சக்கணக்கானோர் அப்படி வாங்கி, ஃபோரிண்ட் விழுந்ததும் கழுத்து நெரிபட்டார்கள். 2014இல் கூரியாவின் தீர்ப்பும் அரசின் சட்டமும் சேர்ந்து அந்தக் கடன்களை ஃபோரிண்டுக்கு மாற்றின, ஒரு ஃபிராங்க் 256 என்ற கணக்கில். இரண்டே மாதத்தில், 2015 ஜனவரி 15 அன்று, ஃபிராங்க் விண்ணுக்குப் பறந்தது.

"அன்று ஓர்பான் இல்லையென்றால் நான் தெருவில். அக்காளின் நீதிபதிகள் எனக்கு என்ன செய்தார்கள்?" என்றார் தம்பி.

"உன் ஓய்வூதிய நிதி எங்கே?" என்றார் அக்காள்.

தம்பி சிரித்துவிட்டார். அதற்கு மேல் இருவரும் ஹங்கேரிய மொழிக்கு மாறினார்கள். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'பிரஸ்ஸல்ஸ்', ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடம். நீதித்துறைச் சுதந்திரம் போன்ற நிபந்தனைகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் இவர்களுக்குத் தரவேண்டிய பெரும்பணத்தை நிறுத்தி வைத்தது. 2023 மே மாதம் நீதிபதிகள் கவுன்சிலின் அதிகாரத்தைக் கூட்டிச் சட்டம் போட்ட பிறகு, டிசம்பரில் சுமார் 1,020 கோடி யூரோவுக்குப் பூட்டைத் திறந்தது. தொகை போட்டு எழுதிய நீதியை என் தொழிலில்கூட நான் பார்த்ததில்லை. இன்று காப்பி இரண்டாவது கோப்பையும் வந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளி

நூகாதி நிலையத்திலிருந்து ரயிலில் எஸ்டர்கோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஹங்கேரியின் மாபெரும் தேவாலயம் இங்கேதான், டான்யூப் கரையில் குன்றின் மேல். எல்லோரும் அதற்காக வருகிறார்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அரசியலமைப்பு நீதிமன்றத்தை உருவாக்கிய 1989 சட்டம், அதன் இருப்பிடம் எஸ்டர்கோம் என்றே எழுதியிருந்தது. தலைநகர அரசியல்வாதிகளின் மூச்சுக்காற்று படாத தூரத்தில் நீதிபதிகள் இருக்கட்டும் என்பது போலிருக்கிறது. நீதிமன்றம் கடைசிவரை இங்கே வரவேயில்லை.

சுற்றுலாத் தகவல் மேசையில் ஒரு இளம்பெண். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், வரைபடத்தில் ஓரிடத்தில் பேனாவால் குறுக்குக்கோடு போட்டுக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் வட்டார நீதிமன்றம். ஒருவர் படியில் நின்று, நெகிழிக் கோப்பிலிருந்து தாள்களை எடுத்துக் காற்றில் பறக்காமல் முழங்காலில் அழுத்தி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பலகையில் 'பீரோஷாக்' என்ற பகுதியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன்.

மத்தியானம் மாரியா வலேரியா பாலத்தில் நடந்தேன். 1944இல் தகர்க்கப்பட்டு, 2001இல்தான் மறுபடி கட்டினார்கள். அக்கரை ஸ்லோவாக்கியா. அதுவும் அதே கம்யூனிஸ்ட் வீட்டிலிருந்து வெளியே வந்த பிள்ளைதான், 2009லேயே யூரோவுக்கு மாறிவிட்டது. ஷ்டூரோவோவில் காப்பி குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மாத்யாஷ் மன்னரை நீட்டினேன். பரிமாறிய பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். சட்டைப்பையில் துழாவியதில் இரண்டு யூரோ நாணயம் ஒன்று அகப்பட்டது. ஆறு மணி ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது, மெதுவாகவே பாலத்தைத் தாண்டினேன்.